நாற்பது வீட்டு எச்சில்

வீடு வீடாகப் போய் எச்சில் கேட்டவள் நான். பிச்சை கேட்டு நிற்கிறவரைப் பார்த்தால்கூட ஜனங்கள் 'பாவம்' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். கையில் பிளாஸ்டிக் குப்பியோடு, "கொஞ்சம் எச்சில் கிடைக்குமா?" என்று கேட்டு நிற்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பார்த்து விருதுநகரில் என்ன சொல்வார்கள்?

இன்றைக்கு நான் மரபணு ஆராய்ச்சியில் ஓரளவு பெயர் தெரிந்த ஆள். மனிதக் கூட்டங்கள் எங்கிருந்து வந்தன, யாரோடு யார் கலந்தார்கள் என்று டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. கருத்தரங்குகளில் என்னை மேடைக்கு அழைக்கும்போது 'தென்தமிழகத்து மக்களின் மரபணு வரலாற்றை' என்று இழுத்து என்னென்னவோ பெருமையாகச் சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என் முதல் களப்பணி ஞாபகத்துக்கு வந்துவிடும், அவ்வளவுதான்.

அப்போது நான் வடக்கே ஒரு பெரிய ஊரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கைடு வைதேகி மேடம் கூப்பிட்டு, "சபீனா, உன் ஊர்லேயே ஆரம்பி. நாற்பது வீடு. வீட்டுக்கு ஒருத்தர், ஒருத்தருக்கொருத்தர் சொந்தமா இருக்கக் கூடாது. எச்சில் வாங்கிட்டு வா" என்றார். அந்த நாற்பது மாதிரிகளை வைத்து வருஷக் கடைசியில் துறையில் நான் ஓர் உரை நிகழ்த்த வேண்டும். அதில் தேறினால் ஆராய்ச்சி தொடரும். தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூட்டையை இறக்கிவைக்க ஊரில் இடம் தயாராக இருந்தது. அத்தா, அதாவது என் அப்பா, பி.எட். விண்ணப்பத்தை வாங்கி, என் கையெழுத்து ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தார்.

என் ஆராய்ச்சிக்காக எங்கள் குடும்பத்தில் ஒரே ஓர் ஆள் ஆவலாகக் காத்திருந்தார். காதர் மாமு. என் அம்மாவின் தம்பி. வத்தல் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். நம் முன்னோர் கப்பலேறி வந்தவர்கள் என்பது அவருடைய உறுதியான கட்சி. அதை நம்பாத ஒரே ஜீவன், அவருடைய பள்ளிக்கூடத் தோழர் தங்கவேல் அண்ணாச்சி. திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மண்டியில் இருவரும் உட்கார்ந்து இதே சண்டையைப் போடுவார்கள்.

"கப்பல்லயா? எந்த வழியா வந்துச்சு? கௌசிகா ஆத்து வழியாவா? அதுல கால் நனையத் தண்ணி கெடந்த காலமே எனக்கு நெனவில்ல."

"ஏலே தங்கவேலு, எங்க மருமக படிச்சிட்டு வந்து சொல்லுவா. அப்ப ஒன் மூஞ்சிய எங்கன வச்சுக்கிடுதேன்னு பாக்கேன்."

"நீயும் நானும் இந்தச் சூலக்கரை மண்ணுல மொளச்சவங்கதாம்ல. அதையும் புள்ள சொல்லட்டும்."

இப்படியாக, என் டாக்டர் பட்டத்தோடு இரண்டு பெரியவர்களின் முப்பது வருஷச் சண்டையும் என் தலையில் ஏறிக்கொண்டது. எண்பது டியூப்களோடு (நாற்பது கூடுதல், உடைந்தால் சிந்தினால் என்று) விருதுநகர் ஜங்ஷனில் வந்து இறங்கினேன்.

வயசுப் பெண் தனியாக வீடு வீடாகப் போவதா என்று துணைக்கு வந்தவர் ஜமீலா மாமி, மாமுவின் மனைவி. விருதுநகர் முதல் சிவகாசி வரை மாமிக்குத் தெரியாத வீடு கிடையாது. எந்த வீட்டில் யார் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறார்கள், எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு ஆர்டர் என்பது வரை விரல் நுனியில் வைத்திருப்பார். 'இப்படி ஒரு வழிகாட்டி எந்த ஆராய்ச்சியாளருக்கு வாய்க்கும்!' என்று கைடுக்கு மின்னஞ்சல்கூட அனுப்பினேன். (அந்த மின்னஞ்சலை அவர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.)

விஷயத்தை மாமியிடம் முதலில் சொன்னபோது அவர் முகம் போன போக்கே சரியில்லை.

"எச்சியா? ரத்தம் கித்தம் எடுக்கக் கூடாதா புள்ள?"

"எச்சில்தான் மாமி. வலிக்காது."

"வலிக்கு யாரு பயந்தா? வீட்டுக்கு வந்த மனுசி முன்னாடி துப்புனா, அவுகளையே துப்புன மாதிரில்ல ஆவும்? நம்ம ஊருல எவ துப்புவா? நான் துப்புவேனா?"

"துப்பினால் மனித குல வரலாறே தெரியும் மாமி" என்று நான் கையை விரித்து ஒரு சொற்பொழிவு செய்தேன். மாமி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மாமி சொன்னதில் நியாயம் இருந்தது. விருந்தாளி எதிரில் எச்சில் துப்ப யாருக்கும் கூசத்தான் செய்யும். அதற்கு நான் ஓர் அபார யோசனை கண்டுபிடித்தேன். முதலில் நானே துப்பிக் காட்டுவது! நானே கூச்சம் விட்டால் அவர்களும் விடுவார்கள் அல்லவா? ஒரு டியூபில் கோடு வரை நான் துப்பி, 'இந்த அளவு வேண்டும்' என்று மாதிரிக்கு வைத்துவிட்டு, பக்கத்தில் காலி டியூப் ஒன்றை வைக்க வேண்டியது. விதிப்படி காலி டியூபில் முதலிலேயே நம்பர் லேபிள் ஒட்டிவிட வேண்டும். அதில்தான் ஒரு சிக்கல் வந்தது.

லேபிள் அடித்துக் கொடுத்தவர் தங்கவேல் அண்ணாச்சி. காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக அடித்துக் கொடுத்தார். ஆனால் அவர் பிரஸ்ஸில் சின்ன லேபிள் என்றால் தீப்பெட்டி லேபிள்தான். அந்த சைஸில், சுற்றிலும் தங்கநிற பார்டர் போட்டு, ஒன்று முதல் நாற்பது வரை நம்பர் அடித்துத் தந்தார். பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜொலித்தது. டியூபில் ஒட்டினால் முழு டியூபையும் சுற்றி மூடி, அளவுக் கோடே தெரியாமல் போனது. வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா? 'பரவாயில்லை, எச்சிலை வாங்கிய பிறகு ஒட்டிக்கொள்ளலாம்' என்று முடிவெடுத்தேன். விஞ்ஞானத்தில் 'பரவாயில்லை' என்ற சொல்லுக்கு என்ன விலை என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேலை தொடங்கியது. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே, "வாங்க வாங்க, மாமி சொன்னாக, சாப்பிட்டீகளா?" என்று வரவேற்பு. நாலு பக்க ஒப்புதல் படிவத்தை நான் மூச்சு விடாமல் வாசிப்பேன். கையெழுத்துப் போடுவார்கள். பிறகு கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பார்க்க, நான் துப்புவேன். (ஒரு நாளைக்கு ஐந்து வீடு. மூன்றாவது வீட்டிலேயே வாய் வறண்டு போகும். மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவியதை நினைத்து நினைத்துத்தான் கோடு வரை நிரப்புவேன்.) நான் துப்புவதைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கும். பெரியவர்கள் கௌரவமாக வேறு பக்கம் பார்ப்பார்கள்.

துப்பி முடித்ததும் என்னை உள்ளே இழுத்துப் போய் இலை முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். "நீங்க சாப்பிடுங்க, நாங்க அங்கன வச்சு மெதுவாத் துப்பித் தாறோம்" என்பார்கள். பிரியாணியோ, கருவாட்டுக் குழம்போ, பணியாரமோ, வீட்டுக்கு ஒன்று. நான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் டியூப் நிரம்பித் தயாராக இருக்கும். சரியாகக் கோடு வரை. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"மாதிரி டியூப் எங்கே?"

"அதை நாங்களே தூரப் போட்டுட்டோம்மா. நீங்க எதுக்கு அந்தக் கருமத்தைத் தூக்கிக்கிட்டு அலையுதீக?"

அப்படி ஒரு மரியாதை, அப்படி ஓர் ஒத்துழைப்பு. என்னோடு சேர்ந்த மற்ற மாணவர்கள் தங்கள் ஊர்களிலிருந்து, 'நுரைதான் கிடைக்கிறது, எச்சில் கிடைக்கவில்லை' என்று புலம்பினார்கள். நான், 'என் மக்கள் அப்படியல்ல' என்று அவர்களுக்குப் பதில் போட்டேன். மாமு வீட்டு மாதிரியைக்கூட, நான் துப்பிக் காட்டிவிட்டுக் கை கழுவி வருவதற்குள், மாமிதான் கொண்டுவந்து கொடுத்தார். "மாமு குளிக்கப் போயிருக்காக. போவும்போது துப்பிக் குடுத்துட்டாக" என்றார். தங்க லேபிளில் ஒன்றாம் நம்பரை ஒட்டினேன்.

பெண்கள் இல்லாத இடத்துக்கு நாங்கள் போனது ஒரே ஒரு தடவைதான். திருத்தங்கலில் அண்ணாச்சியின் பிரஸ். காலண்டர் சீசன். மெஷின் சத்தத்தில் நான் படிவத்தை வாசித்தது எனக்கே கேட்கவில்லை. அண்ணாச்சி மை படிந்த கையால் காலி டியூபை வாங்கினார். "இம்புட்டுத்தானா?" என்று கேட்டு, அங்கேயே நின்று நிரப்பிக் கொடுத்தார். "இன்னொண்ணு வேணுமா புள்ள?" என்றும் கேட்டார். அது பதினேழாம் நம்பர்.

நாற்பது தங்க லேபிள்களோடு லேபுக்குத் திரும்பினேன். ஆறு மாதம் கழித்து முடிவுகள் வந்தன. முதல் வேலையாக, ஒரே ஆளின் மாதிரி இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று ஒரு சோதனை செய்ய வேண்டும். உரைக்கு இரண்டே நாள் இருந்தது. என் மக்கள் மேல் எனக்கு இருந்த நம்பிக்கையில் அதைச் செய்யாமல் தாண்டிப் போனேன்.

உரை நாள். துறையே உட்கார்ந்திருந்தது. திரையில் என் படம். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு புள்ளி. மரபணுவில் நெருக்கமானவர்களின் புள்ளிகள் பக்கம் பக்கமாக விழும். நாற்பது வீட்டுக்கு நாற்பது புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், திரையில் ஒரே ஒரு புள்ளிதான் குண்டாக இருந்தது. வெகு தூரத்தில், மூலையில், தன்னந்தனியாக இன்னொன்று.

நான் அசரவில்லை. அசராததுதான் இந்தக் கதையில் பெரிய அவமானம்.

"இது ஓர் அபூர்வமான சமூகம்" என்று முழங்கினேன். "மதம் வேறு, தொழில் வேறு, தெரு வேறு. ஆனால் மரபணுவில் முப்பத்தொன்பது பேரும் ஒன்று! நூற்றாண்டுகளாக வெளிக்கலப்பே இல்லாத கூட்டம். மாதிரி எண் பதினேழு மட்டும் முற்றிலும் வேறு. இவர் முன்னோர் எங்கோ வெகு தொலைவிலிருந்து இங்கே வந்திருக்க வேண்டும். இவரைத் தனியாக ஆராய வேண்டும்."

காலண்டர் அச்சடித்துக்கொண்டிருந்த மனுஷனை வேற்று நாட்டுக்காரராக்கி, கப்பலேற்றி, கரையிறக்கியும் விட்டேன்.

கடைசி வரிசையில் ஜோசப் சார் கையைத் தூக்கினார். எங்கள் லேபில் மெஷினை ஓட்டுபவர். அதிகம் பேச மாட்டார்.

"இந்த முப்பத்தொன்பது பேர்ல ஆம்பளைங்க எத்தனை பேரும்மா?"

"இருபத்திரண்டு பேர் சார்."

"மெஷின் கணக்குப்படி ஒருத்தர்கூட இல்லையே."

காதர் மாமுவின் மீசை என் கண் முன்னால் வந்து போனது. ஜோசப் சார் எழுந்து வெளியே போனார். எங்கள் லேபில் வேலை செய்கிறவர்கள் எல்லோருடைய டிஎன்ஏவும் பதிவில் இருக்கும், கைபட்டு மாதிரியோடு கலந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்காக. பத்து நிமிஷத்தில் ஒரு தாளோடு வந்தார். என்னைப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"மேடம், இந்த முப்பத்தொன்பது பேரும் நம்ம சபீனாதான்."

முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், இப்போது அவர் துறைத் தலைவர். வைதேகி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சபீனா, நீ ஊர் ஊராப் போய் உன்னையே கண்டுபிடிச்சிருக்கே. தத்துவத் துறையில குடுத்தா உடனே டாக்டரேட் குடுத்துருவாங்க. இங்க கிடைக்காது. மூணு மாசம் டைம். நெசமான நாற்பது பேரைக் கொண்டு வா, இல்லேன்னா வராதே."

ரயிலில் தூங்கவே இல்லை. கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. விடிந்ததும் ஜங்ஷனில் இறங்கி, மாமி வீட்டுக்குக்கூடப் போகாமல், இரண்டாம் நம்பர் லேபிளுக்குச் சொந்தக்காரரான பாத்திமா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்குத் துப்புனீகளா, இல்லையா?" என்றேன். பாத்திமா அக்கா போனை எடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜைத் தட்டினார். மாமியின் குரல் தெள்ளத் தெளிவாக வந்தது.

"ஏத்தா, நாளைக்கு எங்க புள்ள வருவா. எச்சி கேப்பா. பயந்துறாதீக, நீங்க ஒண்ணும் துப்ப வேண்டாம். அவளே துப்பிக் காமிப்பா. அவ துப்புனதையே எடுத்து அவ கையில குடுத்துருங்க. காலி டப்பாவை ஒளிச்சு வச்சுருங்க. சாப்பாடு மட்டும் நல்லாப் போட்டு உள்ள உக்கார வச்சிருங்க. புள்ள சங்கடப்படாமப் போவணும், கேட்டீகளா?"

முப்பத்தெட்டு வீட்டுக்கும் இதே மெசேஜ். சொந்த வீட்டு வேலையை மாமியே பார்த்துக்கொண்டார். பிரஸ்ஸுக்கு மட்டும் போகவில்லை. மாமியிடம் அண்ணாச்சியின் நம்பர் இல்லை.

மாமி வீட்டு வாசலிலேயே கத்த ஆரம்பித்தேன். படிப்பு போச்சு, மானம் போச்சு, பி.எட். வந்தாச்சு என்று வரிசையாகச் சொன்னேன். மாமி அரிசி களைந்துகொண்டே கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நாப்பது வீட்டுப் படி ஏறப் போறேன்னு சொன்ன. அதுல நாலு வீட்டுல மூஞ்சியச் சுளிச்சு, 'சீ, போம்மா'ன்னு சொன்னா ஒன் மொகம் என்னாவும்? என்னால அதைப் பாக்க முடியாது புள்ள. அதான் எவளும் முடியாதுன்னு சொல்லக் கூடாதுன்னு ஏற்பாடு பண்ணுனேன். எச்சி எச்சிதானேன்னு இருந்துட்டேன். எச்சியில பேரு எழுதியிருக்கும்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

எனக்குக் கோபம் அடங்கவில்லை. அழுகையும் வந்தது. மாமி மேல் பாசமும் பொங்கிக்கொண்டு வந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் வந்ததில் விக்கல்தான் மிஞ்சியது. மாமி தண்ணீர் கொடுத்தார். பிறகு போனை எடுத்து, அதே வீடுகளுக்குப் புது மெசேஜ் அனுப்பினார்: "ஏத்தா, இந்தத் தடவை நெசமாவே துப்பணும். புள்ள வாழ்க்கைப் பிரச்சனை."

அடுத்த பத்து நாளும் விருதுநகர் வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் சிரிப்புதான். "போன தடவை நாங்க குடுத்தது நல்லா இல்லையாம்மா?" என்று ஒரு வீட்டில். "சாப்பாடு கெடையாது, மொதல்ல எச்சி, அப்பறந்தான் சோறு" என்று இன்னொரு வீட்டில். விஷயம் தெரிந்ததும் காதர் மாமு, "என்னைய பொம்பளன்னாடி சொல்லியிருக்கு மெஷினு?" என்று மாமியிடம் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் கோபத்திலேயே இரண்டு டியூப் நிரப்பிக் கொடுத்தார். இந்த முறை சின்ன லேபிள் கடையில் வாங்கினேன். எல்லா டியூபிலும் முதலிலேயே ஒட்டினேன். ஒவ்வொருவரும் துப்பி முடிக்கும் வரை, பிரியாணி வாசனை மூக்கைத் துளைத்தாலும், கண் இமைக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தேறினேன். ஆராய்ச்சி தொடர்ந்தது. பி.எட். விண்ணப்பத்தில் அம்மா வடகம் காயவைத்தாள்.

உண்மையான முடிவு வந்தபோது வீட்டில் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். தங்கவேல் அண்ணாச்சியும் வந்திருந்தார். லேப்டாப்பில் படத்தைக் காட்டினேன். நாற்பது புள்ளிகள், தெளித்த எள்ளாக. யார் யார் என்று பெயர் சொல்வது விதிப்படி தப்பு. ஆனால் தங்கள் நம்பர் இருவருக்குமே தெரியும். ஒன்றாம் நம்பரும் பதினேழாம் நம்பரும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறையாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இரண்டு பேருக்கும் ஏதேதோ தூரத்துக் கலப்புகள் உண்டு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஒரே அளவு. கப்பல் வந்ததா இல்லையா என்று மட்டும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. வந்திருந்தால் அண்ணாச்சியும் அதில் ஏறித்தான் வந்திருக்க வேண்டும்.

மாமு, "இவன்கூட ஒட்டிக்கிட்டுத்தான் கெடக்கணும்னு எனக்கு எழுதியிருக்கு போல" என்றார். அண்ணாச்சி, "தள்ளி உக்காரும்வே" என்றார்.

பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாமி, "இதுக்கா புள்ள இன்னும் ஒரு தடவை ஊரையே துப்ப வச்ச?" என்றார். "எல்லாரும் ஒண்ணுதான்னு நான் மொதத் தடவையே குடுத்துவிட்டேனே!"

மாமியின் முறை அடியிலிருந்து நுனி வரை மோசடி. முடிவு ஏறத்தாழ சரி. இதற்கு ஒரு மறுப்பு எழுத வேண்டும் என்று நானும் பத்து வருஷமாக முயற்சி செய்துகொண்டிருக்கிறேன், வார்த்தை வரவில்லை. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது தெரிந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துப் போய்க் கண்டுபிடித்துக்கொண்டு வந்தால், "மாமி ரிசல்ட்டு" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். போன ரம்ஜானுக்கு என் புதுக் கட்டுரை ஒன்றை மாமிக்குப் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார்.

"இதுல எத்தனை பேரு நீ?" என்றார்.